ஆறு துண்டுத் தண்டவாளம்

தம்பி,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. பாப்பா பக்கத்தில் இருந்தால் அவளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டுப் படி. இன்னும் இருபது நாளில் நீங்கள் மூன்று பேரும் ஓசூரிலிருந்து வண்டி ஏறி மலைக்கு வரப்போகிறீர்கள், பத்து நாள் தங்கப்போகிறீர்கள் என்று சொல்லியிருக்கிறாய். நீ ஓசூர் போன இந்தப் பத்தொன்பது வருஷத்தில் இந்த வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் தங்கியதில்லை. அதனால் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிடைத்த இரண்டு மணி நேர வெயிலில் மெத்தையை எல்லாம் காயப்போட்டு எடுத்தாகிவிட்டது. கம்பளியைத் துவைத்து மடித்தாகிவிட்டது. அட்டுவம்பட்டியில் ஒருத்தியிடம் பாப்பாவுக்கு மஞ்சள் நூலில் ஸ்வெட்டர் பின்னச் சொல்லியிருக்கிறேன். கை நீளம் தெரியாமல் உன் சம்சாரத்துக்குப் போன் போட்டு அளவு கேட்டேன். இத்தனையும் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்த பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் படிக்காமல் மட்டும் வந்துவிடாதே. போன வெள்ளிக்கிழமை போனில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ வருகிறாய்.

அதையும் போனிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் அதே பொய்யைத்தான் சொல்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? பஜாரில் ஊரையே வாயாலே விலைக்கு வாங்கிவிடுவேன் என்று உன் அத்தா சொல்வார். பெற்ற பிள்ளையிடம் ஒரு உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு அந்த வாய் வராது. பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் வருகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், காலையிலிருந்து மழை, விரல் விறைத்துக் கிடக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதில் பாதிதான் உனக்குத் தெரியும். அப்போது உனக்குப் பதினாறு வயது. மிஷன் வேலைக்கு வந்து நாற்பது வருஷம் இங்கேயே இருந்துவிட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் சம்சாரமும் பங்களாவைக் காலி செய்துகொண்டு அவர்கள் ஊருக்கே திரும்பிப் போனார்கள். நம் கடை பழைய சாமான் கடை, அப்படி யாராவது காலி செய்கிற வீடுதான் நமக்கு அறுவடை. உன் அத்தா ஜீப் வைத்துக்கொண்டு போய்ப் பீங்கான், விளக்கு, புத்தக அலமாரி எல்லாம் ஏற்றி வந்தார். அதில் ஒரு அட்டைப் பெட்டி. மூடியில் ரயில் படம், உள்ளே கைக்கு அடக்கமான ஒரு இஞ்சின், இரண்டு பெட்டி, தகரத்தில் செய்த தண்டவாளத் துண்டுகள். நேர்த் துண்டு நாலு, வளைவுத் துண்டு ஆறு. இதை இப்போது இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறேனே, அன்று எனக்கு ஆறா அறுபதா என்று ஒன்றும் தெரியாது.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். சாமான் வாங்கப் போகிற இடத்தில் நாங்கள் வாய் திறந்ததும் சொல்வது, "ஒண்ணு ரெண்டு குறையுதே" என்பதுதான். டீ செட் என்றால் ஒரு சாஸர் குறையும். கடிகாரம் என்றால் சாவி அதனுடைய சாவியாக இருக்காது. அப்படிச் சொன்னால் விற்கிறவர் முகம் கொஞ்சம் இறங்கும், விலையும் இறங்கும். அந்த ரயில் பெட்டியை வாங்கும்போதும் உன் அத்தா மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு துண்டு குறையும் போலிருக்கே சார்" என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கிழவர் பாவம், "அப்படியா, என் பையன்கள் தொலைத்திருப்பார்கள்" என்று ஒத்துக்கொண்டாராம். நானும் சேர்ந்து சிரித்தேன். அல்லாஹ் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

அன்று சாயங்காலமே நீ பெட்டியைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். கடைக்கு எது வந்தாலும் நீ ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்காமல் விடமாட்டாய். மீசை அரும்பின பையன், தரையில் குப்புறப்படுத்து, தண்டவாளத்தை ஒன்றோடு ஒன்று கோத்து, இஞ்சினைக் கையாலேயே தள்ளிக்கொண்டிருந்தாய். கரண்டு கொடுக்கிற சாதனம் பெட்டியில் இல்லை, அதனால் கைதான். அறை சின்னது, வட்டத்தில் பாதி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நான் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு உன்னைத் தாண்டிப் போனேன். "ஏலே, காலை மடக்குடா, தட்டி விழுந்தா சோறு முழுக்கத் தரையில கெடக்கும்" என்று திட்டினேன். நீ தலையைத் தூக்காமலே, "இங்க பாருங்கம்மா, எவ்வளவு அழகாச் சேருது" என்றாய். பார்த்தேன். கட்டிலுக்கு வெளியே இருந்த பாதியைப் பார்த்தேன். இந்த இடத்தை மறந்துவிடாதே தம்பி. நான் பார்த்தது பாதி.

இரண்டு வாரம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, பழைய பொம்மைகள் வாங்குகிறவர். உன் அத்தா எனக்கு டீ போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் டம்ளரோடு கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றபோது அந்த ஆள் மூடிப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "பாய், படத்தைப் பாருங்க. வட்டத்துக்கு எட்டு வளைவு. உங்ககிட்ட ஆறுதான் இருக்கு. ரெண்டு இல்லாம வட்டமே வராது. இதை வச்சு நான் என்ன பண்றது?" உன் அத்தா பெட்டியில் விரல் வைத்து எண்ணினார். ஆறுதான். படத்தில் எண்ணினார். எட்டுதான். தானே கிழவரிடம் சொன்ன பொய்தான் அது என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியிருக்கக் கூடாதா? தோன்றவில்லை. உன்னைத்தான் பார்த்தார்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது, மறைப்பானேன். அதற்கு முந்தின வருஷம் கடையிலிருந்த மவுத் ஆர்கன் ஒன்றை நீ கேட்காமல் எடுத்து உன் கூட்டாளி செல்வத்துக்குக் கொடுத்துவிட்டாய். வில்பட்டிப் பையன், கேரட் தோட்டத்துக்காரர் மகன், உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அவனுக்கு வாசிக்க வரும், நம் கடையில் அது சும்மா தூசி படிந்து கிடந்தது, அவ்வளவுதான் விஷயம். கேட்டதும் ஒத்துக்கொண்டாய். ஆனாலும் அந்தப் பெயர் உன் மேல் ஒட்டிக்கொண்டது.

நீ சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அத்தா, அது ஆறுதான். ஆறுலயே வட்டம் முடிஞ்சிரும். இப்பவே சேத்துக் காட்டுறேன்" என்று பெட்டியின் மேல் கை வைத்தாய். அந்த ஆளுக்கு முன்னால் மகன் எதிர்த்துப் பேசிவிட்டான் என்று அவருக்கு ஏறிவிட்டது. ஓங்கி அறைந்தார். "வெளியாளு முன்னாடி பொய் வேறயா? எவனுக்குடா கொடுத்த? திருட்டுப் பயலே." கடை வாசலில் பூண்டு விற்கிற பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் டீயைக்கூடக் குடிக்காமல், "எட்டும் கிடைச்சாச் சொல்லி அனுப்புங்க" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். டம்ளர் கையைச் சுட்டது, அப்படியே நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், "பள்ளிவாசலுக்குள்ள வந்து எடுக்கலேன்னு சத்தியம் பண்ணு, நான் நம்புறேன்" என்று உன் அத்தா கூப்பிட்டார். நீ வரமாட்டேன் என்றாய். "நான் சொல்றேன்ல அத்தா. சொன்னாப் போதாதா?" சத்தியம் பண்ணப் பயப்படுகிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பெட்டியைப் பரணில் ஏற்றினார். ரெண்டு துண்டும் திரும்பி வருகிறவரைக்கும் இதை எவனும் தொடக் கூடாது என்றார். பிளஸ் டூ பரீட்சை எழுதிய கையோடு நீ ஓசூர் போனாய். பாலிடெக்னிக், அப்புறம் கம்பெனி, அப்புறம் கல்யாணம். இதுதான் உனக்குத் தெரிந்த கதை.

பெட்டியைப் பரணில் ஏற்றிய மறுநாள் வெள்ளனே நீ அடுப்படிக்கு வந்தாய். கன்னத்தில் விரல் தடம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருந்தது. "அம்மா, நீங்க அன்னைக்குப் பாத்தீங்கல்ல? நான் சேத்து வச்சிருந்தேனே?" என்று கேட்டாய். பார்த்தேன் என்று தலையாட்டினேன். "அப்ப அத்தாகிட்டச் சொல்லுங்களேன்" என்றாய். "அவுகளுக்குக் கோவம் ஆறட்டும்டா, சொல்றேன்" என்றேன். நீ நம்பிப் போனாய். அம்மாவுக்கு உண்மை தெரியும், அத்தாவுக்குப் பயந்து வாய் திறக்கவில்லை, பாவம் அம்மா, என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாய். நீ அப்படி நினைத்திருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன். சீசன் கூட்டம் ஓய்ந்த நேரம். மழைக்கு ஒதுங்கி ஒரு அம்மா கடைக்குள் வந்தார். திருச்சிக்காரர், அறுபது வயதிருக்கும், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சும்மா நிற்காமல், "பழைய பொம்மை ரயில் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அவர் வாசல் வரைக்கும் போய்விட்டார். அப்புறம் எனக்கே என்ன தோன்றியதோ, கூப்பிட்டேன். உன் அத்தா மௌத்தாகி, கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது, அந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போனால் அந்தப் பேச்சும் சேர்ந்து போய்விடும் என்று நினைத்தேன். ஏணி போட்டு நானே ஏறி எடுத்தேன். தூசி தட்டிக் கையில் கொடுக்கும்போது, ஒரு நல்ல வியாபாரி மாதிரி உள்ளதைச் சொன்னேன்: "ரெண்டு துண்டு குறையுதுங்க. வீட்டுக்குள்ளேயே காணாமப் போச்சு."

அந்த அம்மா மூடியைப் பார்க்கவே இல்லை, நேராக ஒரு வளைவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "கம்பெனிப் பேரே போடலையே" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் வைத்து அளந்தார். ஒரு முனையில் துருத்திக்கொண்டிருக்கும் ஊசிகளை விரலால் தடவினார். நடுவில் ஓடுகிற மூன்றாவது தண்டவாளத்துக்கு அடியில் கருப்பு அட்டை மடித்து வைத்திருப்பதைக் காட்டி, கரண்டு பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போகாமல் இருக்க அது என்று எனக்கு விளக்கினார். அப்புறம் இரண்டு வளைவைக் கோத்துத் தரையில் வைத்துச் சிரித்தார். "இது ரொம்ப அபூர்வமான அளவுங்க. சாதாரணத்தைவிட இறுக்கமான வளைவு. சின்ன வீட்டுக்குன்னே செஞ்சது. எட்டு போட்டீங்கன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்." மூடியில எட்டு இருக்கே என்றேன். அவர் மூடியை என் பக்கம் திருப்பினார். "படத்தை நல்லாப் பாருங்கம்மா. அதுல ரெண்டு தண்டவாளம். சாவி கொடுத்து ஓடுற ரயிலு. உங்க கையில இருக்கிறது மூணு தண்டவாளம், கரண்டுல ஓடுறது. இந்த மூடி வேற பெட்டியோட மூடி. வீட்டுல பசங்க மாத்தி மூடியிருப்பாங்க."

ரெண்டு தண்டவாளம், மூணு தண்டவாளம். இதைப் பார்க்க ரயில்வே ஒர்க்‌ஷாப்பா வேண்டும்? கண் இருந்தால் போதும். உன் அத்தா பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் பார்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் தினமும் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று சொல்கிற அதே வார்த்தையை அவர் நம் கடையில் வந்து சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்த நாங்கள் அதை நம்பி, பெற்ற பிள்ளையை நம்பாமல் போனோம். அந்த அம்மா மீதி நாலு வளைவையும் கோத்தார். ஆறாவது துண்டு முதல் துண்டோடு டக்கென்று சேர்ந்தது. மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை தம்பி. நான் கடை நடுவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து அவர் பயந்துபோய் தண்ணீர் கொடுத்தார். விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு உனக்குப் போன் போட்டேன்.

"ஆறுதான்டா தம்பி, ஆறுலயே முடியுதுடா" என்று நான் கத்தியதும் நீ சிரித்தாய். "இதைச் சொல்லவா ஆபீஸ் நேரத்துல போன் பண்ணீங்க? உங்களுக்குத்தான் அப்பவே தெரியுமேம்மா" என்றாய். நீ விடாமல் சொல்லிக்கொண்டே போனாய். "அத்தா நம்பலேன்னு எனக்கு வருத்தம்தான். ஆனா நீங்க நம்புனீங்க. அந்த ஒண்ணை வச்சுத்தான்மா நான் நிமிந்து நின்னேன். இவகிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். நம்புனீங்கல்ல?" நான் ஆமாடா ராசா என்றேன். அடுத்த நிமிஷமே, பாப்பாவுக்கு லீவு விட்டதும் பத்து நாள் வர்றோம்மா என்றாய்.

அந்த ஆமா பொய். நான் நம்பவில்லை.

எட்டு வேண்டும் என்று அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன மாத்திரத்தில், நான் பார்த்த பாதி வட்டம் எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இடைவெளி இருந்திருக்குமோ, ரெண்டு துண்டு இல்லாமல்தான் ஒப்பேற்றி வைத்திருந்தானோ என்று நினைத்தேன். மவுத் ஆர்கன் ஞாபகம் வந்தது. நீ அடுப்படியில் வந்து கேட்டபோது தலையாட்டினேனே, அது உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஆட்டிய ஆட்டல். அன்றைக்கே நீ வெளியே போனதும் உன் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். கிடைக்காததும் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? பிள்ளை எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. எங்கேயோ கொடுத்துவிட்டான் என்றுதான் சொன்னது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காய்கறி வாங்கப் போகிறேன் என்று உன் அத்தாவிடம் சொல்லிவிட்டு வில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். செல்வத்தின் அம்மா தோட்டத்தில் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துக் கேட்டேன், தகரத்தில் செய்த ரயில் சாமான் ரெண்டு உங்கள் வீட்டில் கெடக்குதா, எங்கள் பையன் செல்வத்துக்கு ஏதாவது கொடுத்தானா என்று. அவள் விவரமானவள், சட்டென்று புரிந்துகொண்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, எங்க வீட்டுல திருட்டுச் சாமான் வாங்கி வச்சிருக்கோம்னு பாக்க வந்தீகளா? வாங்க, உள்ள வந்து பாத்துக்கங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டாள். நான் அப்போதாவது வெட்கப்பட்டுத் திரும்பியிருக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தேன் தம்பி. அடுப்பு மேடை வரைக்கும் பார்த்தேன். அந்த வாரம்தான் செல்வம் பெஞ்சை மாற்றி உட்கார்ந்துகொண்டான். "ஏன்னே தெரியலம்மா, எங்கூடப் பேச மாட்டேங்குறான்" என்று நீ சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாய். "விடுடா, உனக்குப் படிக்கிற சோலி கெடக்கு, அதை வெரசாப் பாரு" என்றேன். உனக்கு இன்றைக்கு வரைக்கும் காரணம் தெரியாது. நான்தான் காரணம்.

பரண் என் தலைக்கு மேலேதான் இருந்தது. அத்தா கடையில் இருக்கும் நேரம் ஏணியைப் போட்டு, பெட்டியை இறக்கி, ஆறையும் கோத்துப் பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை? அவருக்குப் பயந்து இல்லை. அவரைக் கடைசி வரைக்கும் நான்தான் ஆட்டி வைத்தேன் என்று பஜாருக்கே தெரியும். சேராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். சேராவிட்டால் நீ திருடன் என்று உறுதியாகிவிடும். தெரியாமலே இருந்துவிட்டால் சோறு போட்டுக்கொண்டு, தலை துவட்டிவிட்டுக்கொண்டு, அம்மாவாகவே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆக, உள்ளுக்குள் நான் முடிவு செய்துவிட்டேன், இல்லையா? நீ எடுத்திருப்பாய் என்று முடிவு செய்ததால்தான் பார்க்கப் பயந்தேன்.

நீ விடுமுறைக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஹாலில் பையைத் திறந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து வெளியே வைத்து, "அத்தா, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி அடுக்குவாயே, எத்தனை வருஷம் அப்படிச் செய்தாய்! உன் அத்தா ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "போதும்டா, மூடு" என்பார். அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று என் கண் தன்னால் போகும்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், "ஏம்மா, அவன் எடுத்திருக்க மாட்டானோ? அந்தப் பெட்டியை எறக்கு, ஒரு தடவை சேத்துப் பாத்துருவோம்" என்றார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "இப்ப எதுக்கு அதெல்லாம், பரண் பூரா தூசி, உங்களுக்கு இருமல் வந்துரும்" என்று நான் போர்வையை இழுத்துவிட்டேன். மறுபடியும் இரண்டு தடவை கேட்டார். நான் இறக்கவில்லை. அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பார் தம்பி. அதைத் தடுத்ததும் நான்தான். நீ அத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் சுமந்துவிட்டு, அன்று சாயங்காலமே ஒரு வாய் டீ குடிக்காமல் மலை இறங்கிப் போனாயே, அப்போதுகூட நான் அந்த மனுஷனைத்தான் மனசுக்குள் திட்டினேன், இவ்வளவும் உங்களால்தான் என்று.

பிள்ளை பெற்று வளர்க்கிற உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை கிடையாது. உனக்கு ஏற்கனவே அது இருக்கிறது. போன வருஷம் பாப்பா யாருடைய பென்சில் பாக்ஸையோ எடுத்துவிட்டாள் என்று டீச்சர் கூப்பிட்டபோது, "முதல்ல அவ பையைப் பாத்துட்டுப் போய்ப் பேசுடா" என்று நான் போனில் சொன்னேன். "நான் பாக்க மாட்டேன்மா. எடுக்கலேன்னு சொல்லிட்டா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நீ போய் அவள் பக்கத்தில் நின்றாய். இவன் என்ன இப்படி இருக்கிறான் என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரிடம் அதைக் கற்றுக்கொண்டாய் என்று இப்போது யோசிக்கிறேன். என்னிடம் இல்லை. அப்படியே இரு. அவள் ஒரு நாள் உன்னை ஏமாற்றினாலும் ஏமாற்றட்டும், அப்படியே இரு.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அது நான் கேட்கிற கணக்கில் வராது, நீயாகக் கொடுத்தால் உண்டு. வரவில்லை என்றால் பாப்பாவிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லாதே. ஸ்வெட்டரைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். உன் சம்சாரத்திடம் நீ என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாயே, அதை மட்டும் திருத்திச் சொல்லிவிடு. அந்தப் பெண் போனில் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அம்மா நம்பினாள் என்கிற ஒன்றை வைத்துத்தான் நிமிர்ந்து நின்றேன் என்று சொன்னாய். இந்த வீட்டில் உன்னை நம்பியவர் ஒருத்தரும் இல்லையடா. பதினாறு வயதில் நீ தன்னந்தனியாக நின்றிருக்கிறாய், பக்கத்தில் நான் இருப்பதாக நினைத்துக்கொண்டு.

உன்னைப் பெற்றவள்